என் வாசலில் மகாதேவன் உடைத்த சிலாப்

மகாதேவன் போய்விட்ட செய்தி எனக்குத்தான் கடைசியாக வந்தது. நம் வலியசாலைத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் விடியும்போதே போட்டிருந்தார்கள். அந்தக் குழுவின் சத்தத்தை நான் அணைத்து வைத்திருந்தேன். காரணம் அவன்தான். ஒரு மேகம் கறுத்தால் போதும், மழை வரைபடமாக அனுப்பித் தள்ளுவான். 'புயல் மகாதேவன்' என்று பெயர் வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

அவனுக்குக் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் கம்ப்யூட்டர் வேலை. பேச்செல்லாம் மழையும் தெருவோரச் சாக்கடை ஓடையும்தான். உற்சவத்தில் வாகனம் சுமப்பவர்களுக்குக் கால் இடறுகிறது என்று, ஓடையை மூடிய கான்கிரீட் சிலாப்புகளின் இடைவெளிகளை சிமென்ட் வைத்து அடைத்தோமே, நினைவிருக்கிறதா? முதலில் கை தூக்கியவள் நான். என் வாசலில் கோலம் போடவும் சௌகரியம் என்று நினைத்தேன்.

"மன்னி, வெள்ளம் எறங்க ஒரு ஓட்டையாவது விடுங்கோ" என்று கெஞ்சினான்.

"கரப்பான்பூச்சி ஏறி வந்தா நீ வந்து அடிப்பியா?" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவனும்தான்.

பிறகு அந்தப் புயல். கரைக்கு வருமுன்பே வலுவிழந்துவிட்டது என்று டிவியில் சொன்னதும், அவனைச் சீண்டவே போய்ச் சொன்னேன்.

"சந்தோஷப்படாதேங்கோ மன்னி. வலு இருந்தா ஓடிப் போயிடும். இது நகராம உக்காந்துண்டு பெய்யுமாக்கும்" என்றான்.

அப்படியேதான் பெய்தது. இறங்க வழியில்லாத தண்ணீர் நம் வீடுகளுக்குள் ஏறியது. நாமெல்லாம் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தோம். அவன் மட்டும் இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் நின்று, என் வாசல் சிலாப்பைக் கடப்பாரையால் உடைத்தான். தண்ணீர் வடிந்தது. அவன் காலில் ரத்தம் வழிந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் என்ன கேட்டேன் தெரியுமா? "இதை யாருடா சரி பண்ணித் தரது?"

"மழை நிக்கட்டும் மன்னி. நானே பண்ணித் தரேன்."

அந்தக் காயத்தின் வழியாகத்தான் எலிக்காய்ச்சல் வந்தது. தெருவில் சேறு காய்வதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை.

துக்கம் கேட்கப் போனேன். அவன் மனைவி லலிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னி, உங்காத்து சிலாப்பைச் சரி பண்ணணும்னு காய்ச்சல்லயும் சொல்லிண்டே இருந்தார். ஆளை அனுப்பட்டுமா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

அந்த ஓட்டை அப்படியே இருக்கும். இன்று காலை அதன் ஓரத்தில் கோலத்தை நிறுத்தினேன். போட்டு முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் அதில் இறங்கும் சத்தம் சமையலறை வரை கேட்கிறது. மகாதேவா, இந்தச் சத்தத்தை நான் அணைக்க மாட்டேன்.