கன்னடத்துக்கும் ஸ்டெல்லா மிஸ்தான்

குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவது கஷ்டமில்லை; நமக்கே தெரியாத பாடத்தைத் தெரிந்த முகத்தோடு நடத்துவதுதான் கஷ்டம் என்பது என்னைப் போன்ற ஆரம்பப் பள்ளி டீச்சர்களுக்கெல்லாம் தெரியும்.

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பு டீச்சர். கணக்கும் சூழ்நிலையியலும் என்னுடையவை. இந்த டெர்ம் ஆரம்பத்தில் கன்னட டீச்சர் பிரசவ லீவில் போனார். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு, "நீங்க மார்க்கெட்ல கன்னடம் பேசி நான் பார்த்திருக்கேன், ஸ்டெல்லா" என்றார். நான் பேசியது கத்தரிக்காய் என்ன விலை, கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்ற இரண்டு வாக்கியம்தான். அந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு டெர்மை ஓட்டச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நானும் அதையேதான் செய்தேன். தலையாட்டினேன்.

பானாவுக்கு ஹானா

என் வகுப்பில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்தேன். தமிழில் 'ப' என்று ஆரம்பிக்கும் பல வார்த்தைகள் கன்னடத்தில் 'ஹ' ஆகிவிடும். பால் என்றால் ஹாலு, பல் என்றால் ஹல்லு, பத்து என்றால் ஹத்து, பூ என்றால் ஹூவு. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஒரு மொழியையே பெல் அடிப்பதற்குள் முடித்துவிட்ட திருப்தி எனக்கு.

சாயங்காலத்துக்குள் 'ப' என்ற எழுத்தே என் வகுப்பில் இல்லாமல் போயிற்று. ஹென்சில், ஹேப்பர், ஹை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி பீரியடில் முதல் பெஞ்சு கெவின் எழுந்து, ஒற்றை விரலைக் காட்டி மிகவும் பணிவாகக் கேட்டான்:

"ஹாத்ரூமுக்கு ஹோகலா, மிஸ்?"

டிபன் பாக்ஸில் புலி

மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் கன்னடம் பேச வேண்டும் என்று சட்டம் போட்டேன். அவரவர் கொண்டுவந்ததைக் கன்னடத்தில் சொல்ல வேண்டும். கெவின் கொண்டுவந்தது புளிச்சோறு. அதை "ஹுலி அன்ன" என்றான். கன்னடத்திலும் நம்மைப் போலத்தான். ளகரத்தைக் கோட்டைவிட்டால் புளி புலியாகிவிடும்.

பக்கத்தில் இருந்த ஆயிஷாவுக்குக் கண் விரிந்துவிட்டது. வீட்டில் உருது பேசும் பெண். வார்த்தை சுத்தமாக இருக்க வேண்டும் அவளுக்கு. டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, "புலின்னா வால் எங்கே?" என்று கேட்டாள். கெவின் ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னான்:

"வாலு, நாரு, கொட்டை எல்லாத்தையும் எங்க அம்மா வடிகட்டி எடுத்துட்டாங்க."

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்

சைத்ரா ஹாசன் ஊரிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்தவள். வீட்டில் கன்னடம் மட்டும்; வகுப்பில் அப்படி வேறு யாரும் இல்லை. எங்கள் பள்ளியிலோ வகுப்பில் இங்கிலீஷ், மைதானத்தில் தமிழ். வந்த நாளிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. பெயர் கூப்பிட்டால் கை மட்டும் உயரும். கணக்கு கேட்டால் எழுதிக் காட்டுவாள். நான் கெஞ்சிப் பார்த்தேன், மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன். மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டாள். இப்படியே விட்டால் இந்தப் பெண் பள்ளிக்கூடத்தையே வெறுத்துவிடுவாளோ என்று எனக்கு உள்ளூர பயம்.

ஒரு நாள் பந்துப் படத்தைக் காட்டி, இதற்குக் கன்னடத்தில் என்ன என்று கேட்டேன். வகுப்பே சேர்ந்து "ஹந்து" என்றது. எனக்கும் சந்தேகம்தான். ஆனால் இத்தனை பேர் இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது நாம் யார் மறுக்க? போர்டில் அழகாக எழுதினேன். அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. திரும்பினால் சைத்ரா எழுந்து நிற்கிறாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. இரண்டு மொழிக்கும் பொதுவான வார்த்தையில் ஆரம்பித்தாள்:

"தப்பு, மிஸ். செண்டு."

நான் போர்டை அழித்த வேகத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். மறுநாளே அவளை முன் பெஞ்சுக்கு வரச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் போர்டுக்குப் போகும் முன் அவள் பக்கம் பார்ப்பேன். தலை மேலும் கீழும் ஆடினால் எழுதுவேன். பக்கவாட்டில் ஆடினால் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன்.

வீட்டுப்பாடம்

வெளியே யாரிடமாவது ஒரு வாக்கியம் கன்னடத்தில் பேசிவிட்டு வாருங்கள் என்றேன். ஆயிஷா பால்காரரிடம் பேசினாளாம். கெவின் தெருநாயை "பா இல்லி", அதாவது இங்கே வா, என்று கூப்பிட்டானாம், அது வந்ததாம். மனிதர்களிடம்தான் பேச வேண்டும் என்றேன். அவனுக்கு என் மேல் வருத்தம்.

"தமிழ்ல கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்காது மிஸ், கன்னடத்துக்கு அது குடுக்கிற மரியாதையைப் பாருங்க."

புகார்

சைத்ராவின் அம்மா ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க வேண்டும் என்று வந்து நின்றார். பல் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை. புகார்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். மொழி விஷயம் பாருங்கள். தமிழ் மிஸ் ஏன் தப்புத் தப்பாகக் கன்னடம் நடத்துகிறார் என்று கேட்கத்தான் வந்திருப்பார். பேசுவதற்கு முன்பே மன்னிப்பு கேட்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அவர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் அழுகையாம். யூனிஃபார்மைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாளாம். இப்போது அவளே முதலில் எழுந்து ஷூ மாட்டிக்கொள்கிறாளாம். கேட்டால், நான் போகாவிட்டால் மிஸ்ஸுக்கு யார் இருக்கிறார்கள் என்கிறாளாம். இன்னும் கொஞ்ச நாளில் நானும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டுவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கன்னடத்தில் சொன்னது எனக்கு அப்படியே புரிந்தது:

"தயவு செஞ்சு சீக்கிரம் கத்துக்காதீங்க, மிஸ்."

காய்கறிக் கடை

டெர்ம் முடிவில் பெற்றோர் முன்னால் ஒரு கன்னட நாடகம் போட்டோம். சைத்ரா காய்கறிக்காரி. கெவின் வாங்க வருபவன். ஹால் நிறைய ஆட்கள். சைத்ரா மேடையில் கால் வைக்கும்வரை எனக்குப் பயம்தான், பழையபடி வாயை மூடிக்கொண்டு விடுவாளோ என்று. அவள் இடுப்பில் கை வைத்து, கணீர் என்று ஆரம்பித்தாள். உறைந்து போனது கெவின்தான். ஒரு வார்த்தை வரவில்லை. ஓரத்தில் நின்று நான் வாயசைத்துக் காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை.

சைத்ரா கன்னடத்தில் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். பிறகு கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு, சுத்தமான லிங்கராஜபுரத்துத் தமிழில், "டேய், என்னா வோணும் சொல்லுடா, கடை சாத்தணும்" என்றாள். ஹாலே சிரிப்பில் அதிர்ந்தது. கெவினும் சிரித்தான். சிரித்ததில் மறந்த வரியெல்லாம் திரும்பி வந்து கடகடவென்று ஒப்பித்துவிட்டான். கைதட்டல் அடங்கியதும் சைத்ராவின் அம்மா என்னிடம் வந்தார். ஆச்சரியமா கோபமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். அப்புறம் அவரே சிரித்துவிட்டார்.

"இவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த மிஸ் யாரு?"

ஆகக்கூடி இந்த டெர்மில் என் வகுப்பு நான் நடத்தியதில் பாதியையும், யாருமே நடத்தாததை முழுசாகவும் கற்றுக்கொண்டிருக்கிறது.