மூழ்கும் பாறையில் ஜெய்கிருத் சிங்

"தொட்டுடாதீங்க அண்ணி!" படித்துறையிலிருந்து நௌடியால் பண்டிதர் கத்தினார்.

கோதாம்பரி அதற்குள் முழங்காலளவு கங்கையில் இறங்கிவிட்டாள். சற்றுத் தள்ளிப் பாறைமேல் அவள் கணவர் ஜெய்கிருத் சிங் கண்மூடி உட்கார்ந்திருந்தார். மேலே அணையைத் திறந்துவிட்டதற்கு சைரன் ஊதி ஓய்ந்திருந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கரையேறிவிட்டார்கள். அவர் மட்டும் அசையவில்லை. பாறையில் பாதி தண்ணீருக்குள் போயிருந்தது.

ஓய்வு பெறும்வரை பத்ரிநாத் சாலையில் பஸ் ஓட்டியவர். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பாதாளம். பின்னால் பயணிகள் வாந்தி எடுப்பார்கள், சண்டை போடுவார்கள், பஜனை பாடுவார்கள். அவர் கண் சாலையை விட்டு நகராது. ஓய்வுக்குப் பிறகு தினமும் விடிகாலையில் இந்தப் பாறைக்கு வந்தார். மூச்சைக் கவனிப்பது, மனம் ஓடினால் திரும்பக் கூட்டிவருவது, அவ்வளவுதான். குருவென்று யாருமில்லை.

"உக்காந்துகிட்டே தூங்குறதுக்கு ஆத்தங்கரை எதுக்கு? வீட்டுல கட்டில் இல்லையா?" என்பாள் கோதாம்பரி. அவர் சிரித்துக்கொள்வார்.

படித்துறையில் வாக்குவாதம் ஏறிக்கொண்டிருந்தது.

"இது தாரணை. மனசை ஒண்ணுல கட்டிப் போடுறது" என்றார் டீக்கடை குஷால்.

"போய்யா. தாரணைன்னா சைரன் காதுல விழுந்திருக்கும். இது தியானம். எண்ணெய் ஊத்தினாப்பல அறுபடாம ஓடும்" என்றார் படகுக்காரர்.

பண்டிதர் தலையசைத்தார். "ரெண்டும் இல்ல. சமாதி. பாக்குறவனே உள்ள கரைஞ்சுபோயிட்டான். இப்ப உலுக்கினா பிராணன் வழி தப்பிடும்." சொல்லிவிட்டுக் கைகூப்பினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கைகூப்பினார்கள். தண்ணீரில் ஒருவரும் இறங்கவில்லை.

கோதாம்பரி திரும்பிப் பார்த்தாள். "எதுவா வேணா இருக்கட்டும் பண்டிட்ஜி. தண்ணி தலைக்கு மேல போனா உங்க சமாதி நீந்துமா?"

ஆனாலும் பாறையை எட்டிப் பிடித்தபோது உலுக்க அவளுக்கும் கை வரவில்லை. ஆழத்தில் இருப்பவரைக் காதருகே ஓம் சொல்லித்தான் மேலே அழைக்க வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவள். அவர் மூக்கருகே புறங்கையை வைத்தாள். மூச்சில்லை. பிறகு ஈரத்தோலில் நூல்போல ஒரு வெப்பம் பட்டது. மறுபடி ஒன்றுமில்லை. அந்த முகத்தைச் சாப்பிடும்போது, சவரம் செய்யும்போது, கோபத்தில், காய்ச்சலில் எல்லாம் பார்த்திருக்கிறாள். இப்போது அதில் யாரும் இல்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தது.

தண்ணீர் அவர் மடியைத் தொட்டது. அவள் குனிந்து ஓம் என்றாள். மறுபடி. மறுபடி.

ஒரு கட்டத்தில் ஆற்றின் இரைச்சல் நின்றுவிட்டது. குளிர் இல்லை. பயம் இருந்த இடத்தில் ஓசை மட்டும் இருந்தது. அதைச் சொல்வது தான்தானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"நீ எப்ப வந்த?"

அவர் கண் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரைச்சல் மொத்தமாகத் திரும்பி வந்தது.

"தண்ணி வந்ததும் வந்தேன். எந்திரிங்க."

"கால் மரத்துப்போச்சே."

அதன் பிறகுதான் குஷாலும் படகுக்காரரும் கயிற்றோடு இறங்கினார்கள். கணவனும் மனைவியும் கரை சேர்ந்தபோது பாறை தெரியவில்லை.

பண்டிதர் குனிந்து கேட்டார்: "உள்ள என்ன தெரிஞ்சுது?"

ஜெய்கிருத் சிங் கூச்சத்தோடு வேட்டியைப் பிழிந்தார். "தெரியலையே பண்டிட்ஜி. பசிக்குது."

பயமாக இருந்ததா என்று கோதாம்பரியிடம் கேட்டார்கள். அவள் அவர் வேட்டியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தாள்.

மறுநாள் ஆறு கலங்கலாக ஓடியது. போலீஸ்காரர்கள் படித்துறையில் கயிறு கட்டியிருந்தார்கள். ஜெய்கிருத் சிங் மொட்டைமாடியில் உட்கார்ந்தார். தும்மல் விடாததால் சீக்கிரமே எழுந்துவிட்டார். கோதாம்பரி கேழ்வரகு ரொட்டி சுட்டாள். பத்து மணிக்குப் பண்டிதர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தரிசனத்துக்கு வந்தார். கணவர் தபால் ஆபீசுக்குப் போயிருக்கிறார் என்று கோதாம்பரி சொல்லி அனுப்பினாள்.