கடைசி ஐந்து நிமிடம்

பத்மாசினி கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று தெல்லிப்பழையில் எல்லோருக்கும் தெரியும். என்ன படிக்கிறாள் என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. "லோயருக்குப் படிச்சு முடிச்சவள்தானே, இன்னும் என்னத்தைப் படிக்கிறாள்?" என்று கலியாண வீடுகளில் கேட்பார்கள். "பொதுச் சட்டம்" என்பாள். "அப்ப எங்கள் எல்லாருக்குமான சட்டமோ?" என்று அடுத்த கேள்வி வரும். ஓம் என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடிப்பாள். விளக்கம் சொல்லப் போனால் பாயசம் ஆறிவிடும் என்பது அவளுக்கு அனுபவத்தில் தெரியும்.

அவளும் நானும் சட்டம் ஒன்றாகப் படித்தவர்கள். நான் கோட்டுக்குப் போய் வழக்குப் பேசிப் பிழைக்கிறேன். அவள் ஆராய்ச்சிக்குப் போனாள். பிழைக்கத் தெரியாதவள் என்று அவள் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன், சிரித்தாள். அரசாங்கம் பொதுத் தேவைக்கென்று ஒருவருடைய காணியை எப்போது எடுக்கலாம், அந்தத் தேவை முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, கொடுக்காவிட்டால் யார் கேட்பது. இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நாலு வரியில் நான் சொல்லிவிட்டேன். அவள் முந்நூறு பக்கம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த முந்நூறு பக்கத்தையும் வாசிக்க ஆள் இல்லை என்பதுதான் அவளுடைய பிரச்சினை. மேற்பார்வை செய்யும் பேராசிரியர் கொழும்பில். அனுப்பும் அத்தியாயங்கள் கிணற்றில் போட்ட கல்தான். மாதத்துக்கு ஒருமுறை ஸூமில் வந்து, நன்றாகப் போகிறது, தொடருங்கள் என்பார். தம்பி பிரான்சில். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கனடாவில். அம்மா செத்துப்போனாள். வாடகை வீட்டில் அவளும் அப்பா தம்பிராசாவும்தான். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு பந்தி எழுதி முடித்ததும் அதை உரத்து வாசிப்பாள். வாசித்து முடித்து, தானே "ம்" என்பாள். ஒருநாள் இதை நான் கண்ணால் கண்டேன். சிரிக்கலாம் என்றுதான் வாய் திறந்தேன், முடியவில்லை.

தம்பிராசாவின் வழக்கைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. வலிகாமம் வடக்கில் அவர்களுக்கு ஒரு தோட்டக் காணியும் கல்வீடும் இருந்தன. பத்மாசினிக்கு ஒரு வயதாக இருக்கும்போது சண்டையில் இடம்பெயர்ந்தார்கள். பிறகு அந்தப் பக்கமெல்லாம் இராணுவத்தின் முள்கம்பி வேலிக்குள் போய்விட்டது. சண்டை முடிந்து வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தினார்கள். ஊரில் கனபேருக்குக் காணி திரும்பக் கிடைத்தது. தம்பிராசாவின் காணிக்கு மூன்று காணி முன்னால் வேலி நின்றுவிட்டது. மனுசன் காணி உறுதிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய் வழக்குப் போட்டார். யாழ்ப்பாணத்துக்கு ரயில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. சட்ட மாணவியாக இருந்த பத்மாசினியும் கூடப் போனாள்.

எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. இத்தனை வருடம் கழித்து ஏன் வந்தீர்கள் என்று நீதியரசர் கேட்டார். வழக்குப் பேசிய சட்டத்தரணி ஏதோ சொன்னார். அது போதவில்லை. பிறகு அவர் பின்னால் திரும்பித் தமிழில் கேட்டார்: "ஐயா, ஏதும் சொல்லக் கிடக்கோ?"

தம்பிராசா எழும்பினார். கையைக் கட்டினார். மகளைப் பார்த்தார். "இல்லை" என்றார்.

பிந்தி வந்த வழக்கு என்று தள்ளிவிட்டார்கள். திரும்பி வரும்போது ரயிலில் பத்மாசினி அப்பாவோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவர் வடை வாங்கி அவள் மடியில் வைத்தார். அவள் தொடவில்லை. இவ்வளவு தூரம் வந்து வாய் திறக்காத மனுசனோடு என்ன கதை என்ற கோபம். இருபத்தைந்து வயதுக் கோபம், அதுவும் சட்டம் படித்த கோபம். அதற்கு மருந்து கிடையாது.

அன்றிலிருந்து தம்பிராசா அந்த "இல்லை"யைத் திருத்திக்கொண்டே இருந்தார். வாழைக்குத் தண்ணீர் விடும்போது, "அண்டைக்கு நான் இப்பிடிச் சொல்லியிருக்கவேணும்" என்று தொடங்குவார். கிணற்றடியில் வேறு விதமாகச் சொல்லுவார். பத்மாசினி பாதி கேட்பாள், பாதி கேட்கமாட்டாள். ஆனால் அவள் ஆராய்ச்சிக்குப் போனதே அந்த வழக்கால்தான். வாசலோடு தள்ளிய வழக்கைச் சட்டப் புத்தகங்களில் போடமாட்டார்கள். அப்படி ஒரு மனுசன் வந்து கேட்டான் என்பதற்கு எங்கேயும் ஒரு வரி இல்லை. ஆகவே ஐந்தாம் அத்தியாயத்தில் நாலு பக்கம் எழுதினாள். பெயரை மட்டும் மறைத்து "மனுதாரர் த." என்று போட்டாள். மகள் என்று தெரிந்தால் வேலிக்கு ஓணான் சாட்சி என்று பரீட்சகர்கள் சிரிப்பார்கள் என்ற பயம். உறவைச் சொல்லாமல் விட்டால் எழுத்து நடுநிலையாகிவிடும் என்று ஆராய்ச்சிக்காரர் மட்டுந்தான் நம்புவார்கள். கோட்டில் நாங்கள் அப்படி நம்புவதில்லை.

அப்பாவுக்குச் சொல்லியிருந்தாள். அவர் கிழமைக்கு ஒருதரமாவது கேட்பார்: "பிள்ளை, நான் புத்தகத்திலை வாறன்தானே?"

"வாறியள் அப்பா."

போன வருடம் சுபாஸ்கரன் என்ற விரிவுரையாளர் ஒரு வேலை தொடங்கினார். பொதுச் சட்டத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கும் ஐந்தாறு பேர் யாழ்ப்பாணத்தில் ஆளுக்கொரு மூலையில் கிடந்து அவதிப்படுகிறார்கள், மாதம் ஒரு சனிக்கிழமை கூடி ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிப்போம் என்றார். நகரத்தில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கும் ஒரு ரியூட்டரியின் மேல்மாடி கிடைத்தது. வாங்கு மேசை, கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட கணக்கு, இடைவேளைக்கு ரோல்ஸும் பிளேன் ரீயும். பேராசிரியர்களுக்கு அனுமதி இல்லை. ஒரேயொரு சட்டம்: எழுதியவர் தன் அத்தியாயத்தைப் பற்றித் தானே கதைக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கி விழுந்தவர் அதை எடுத்துச் சொல்லுவார், மற்றவர்கள் விவாதிப்பார்கள், எழுதியவர் ஓரத்துக் கதிரையில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் அவருக்கு. "எழுதினவர் தனக்குத்தானே வக்காலத்து வாங்கினால் மற்ற ஆக்கள் என்ன விளங்கிக்கொண்டினம் எண்டு அவருக்குத் தெரியவராது" என்பது சுபாஸ்கரனின் நியாயம். நியாயம் சரிதான், நான் குறை சொல்லவில்லை.

பத்மாசினியின் ஐந்தாம் அத்தியாயம் ஜெசிதாவுக்கு விழுந்தது. ஜெசிதா குருநகர்ப் பிள்ளை. கரையோரச் சட்டமும் மீனவர் உரிமையும் அவளுடைய பாடம். மூளை கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. பத்மாசினி அந்த வாரத்தோடு அத்தியாயத்தை முடித்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். சனிக்கிழமைக் கூட்டத்தில் என்ன சொல்கிறார்களோ அதன்படி நாலு பக்கமும் இருப்பதா இல்லையா என்று முடிவெடுப்பேன் என்று பத்மாசினி எனக்கு ஃபோனில் சொன்னாள். குரலில் ஒரு சின்னப் பிள்ளையின் ஆசை இருந்தது.

ஜெசிதா எழும்பி, அத்தியாயத்தை எழுதியவளைவிட அழகாக எடுத்துச் சொன்னாள். இரண்டு தரம் வாசித்திருந்தாள். அடிக்குறிப்புகளையும் விடவில்லை. தன்னுடைய அடிக்குறிப்பை ஒருவர் வாசித்திருக்கிறார் என்பதில் வரும் சந்தோசம் இந்த ஆராய்ச்சிக்காரச் சாதிக்குத்தான் விளங்கும். பெண் பார்க்க வந்தவர்கள்கூட பத்மாசினியை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. ஓரத்துக் கதிரையில் இருந்து அவள் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரேயொரு இடம்தான் எனக்குப் பிடிபடேல்லை" என்றாள் ஜெசிதா. "மனுதாரர் த. எண்டு ஒராள் வாறார். நாலு பக்கம். அவற்றை வழக்கு எடுபடவே இல்லை. பிந்திப் போட்டதெண்டு வாசலோடை திருப்பிப்போட்டினம். உதிலை சட்டம் எண்டு ஒண்டும் இல்லை. உந்த மனுசன் அவ்வளவு வருசமும் என்ன செய்துகொண்டிருந்தவர் எண்டதுக்குப் பதிலும் இல்லை. பரீட்சகர் முதல் கேக்கிறது அதைத்தான். எழுதினவவுக்கு உவரிலை ஒரு இரக்கம், அது தெரியுது. ஆனா இரக்கம் அத்தாட்சி இல்லைத்தானே. எடுத்துவிட்டா அத்தியாயம் இறுக்கமா நிக்கும்."

பிறகு எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் அடிக்குறிப்பில் போடலாம் என்றார். இன்னொருவர் அதுவும் தேவையில்லை என்றார். "உந்தச் சோகக்கதை எங்கடை வீடு வீடாய்க் கிடக்கு. ஆய்வெண்டால் அதிலை புதுசா ஒண்டு இருக்கவேணும்" என்றார் சுபாஸ்கரன். ரீ வந்து ஆறியது. மனுதாரர் த. சோம்பேறியா, விவரம் தெரியாதவரா, அல்லது நட்டஈட்டுக்காகக் கடைசியில் வந்தவரா என்றுகூட ஒரு சின்ன விவாதம் நடந்தது. அந்த அறையில் ஒருவரும் கெட்டவர் இல்லை. அவளுக்கு நல்லது செய்யத்தான் இவ்வளவும் கதைத்தார்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"சரி பத்மாசினி, இனி உம்மடை நேரம்" என்றார் சுபாஸ்கரன். "ஏதும் சொல்லக் கிடக்கோ?"

சொல்ல நிறைய இருந்தது. அந்த மனுசன் சோம்பேறி இல்லை. முகாமிலும் வாடகை வீடுகளிலும் இருந்துகொண்டு காணிக்காக ஒவ்வொரு அரசாங்கக் கந்தோருக்கும் நடந்தவர். அவர் என்னுடைய அப்பா. இதைச் சொன்னால் ஜெசிதாவின் முகம் என்னாகும் என்று நினைத்துப் பார்த்தாள். அறை செத்தவீடு மாதிரி ஆகிவிடும். பாவம் என்று எல்லோரும் நாலு பக்கத்தையும் விட்டுவிடுவார்கள். வழக்கு நின்றதாக இருக்காது, பிச்சை போட்டதாக இருக்கும். எதிலிருந்து தொடங்குவது என்று தேடினாள்.

"இல்லை" என்றாள். "எல்லாருக்கும் நன்றி."

படியிறங்கும்போதுதான் அந்தச் சொல் யாருடையது என்று அவளுக்கு உறைத்தது. கைபிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாளாம். மற்றவர்கள் "போட்டு வாறம்" என்று சொல்லிக்கொண்டு அவளைக் கடந்து போனார்கள். மோட்டார் சைக்கிள்கள் கிளம்பின. அவள் பஸ் எடுத்தாள். பக்கத்து இருக்கையில் ஒருவரும் வந்து இருக்கவில்லை. வழி முழுக்க, அன்றைக்கு ரயிலில் மடியில் கிடந்த அந்த வடையை நினைத்துக்கொண்டு வந்தேன் என்று எனக்குச் சொன்னாள்.

தம்பிராசா சேட்டுப் போட்டுக்கொண்டு வாசல் கடப்படியில் நின்றார்.

"என்ன பிள்ளை, என்ன சொல்லிச்சினம்?"

"உங்கடை வழக்கைத்தான் கனநேரம் கதைச்சவை."

மனுசனுக்கு முகம் மலர்ந்தது. "அங்கை கோட்டிலை ரெண்டு நிமிசம்தான் கதைச்சவை" என்றார். "எனக்காகக் கதைச்சினமோ?"

"இல்லை அப்பா. அதை எடுக்கச் சொல்லினம். பிந்தி வந்த வழக்காம்."

"நீ என்ன சொன்னனி?"

"ஏதும் சொல்லக் கிடக்கோ எண்டு கேட்டவை. நான் இல்லை எண்டிட்டன்."

அவர் இப்போது உள்ளே போய்விடுவார், இரண்டு நாளைக்கு என்னோடு கதைக்கமாட்டார், எனக்கு அதுதான் வேணும் என்று அவள் காத்திருந்தாள்.

"சாப்பிட்டனியோ?" என்றார்.

அவ்வளவுதான். கடப்படியில் நின்றே அழுதாள். முப்பத்தாறு வயது மனுசி, தெருவில் போகிற சைக்கிள்காரன் திரும்பிப் பார்க்கப் பார்க்க அழுதாள். அவர் கதிரையை இழுத்து வெளியே போட்டு அவளை இருத்தினார்.

"அப்பா, அண்டைக்கு ரயிலிலை நான் உங்களோடை கதைக்கேல்லை."

"ஓம். வடையும் தின்னேல்லை."

"ஏன் அண்டைக்கு இல்லை எண்டனீங்கள்?" இத்தனை வருடத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை.

"கனக்கக் கிடந்தது பிள்ளை. எதைச் சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"இப்ப கேட்டால் என்ன சொல்லுவியள்?"

தம்பிராசா நிமிர்ந்து நின்றார். அன்றுபோலவே கையைக் கட்டினார். வாழையடியிலும் கிணற்றடியிலும் சொல்லிப் பார்த்த நூறு விதத்தில் ஒன்றும் வரவில்லை. "நான் பிந்தேல்லை ஐயா" என்றார். "நான் என்ரை கடப்படியிலைதான் நிண்டனான். நீங்கள் திறக்கேல்லை."

கட்டிய கையை அவிழ்த்து, கோழிக்கு அரிசி போடவேணும் என்று சொல்லிவிட்டுப் பின்வளவுக்குப் போனார்.

பத்மாசினி முகம் கழுவிக்கொண்டு மேசைக்கு வந்தாள். நாலு பக்கத்தையும் எடுக்கவில்லை. "மனுதாரர் த." என்று இருந்த இடமெல்லாம் முழுப் பெயரையும் போட்டாள். தொடக்கத்தில் இரண்டு வசனம் சேர்த்தாள்: மனுதாரர் தம்பிராசா எனது தந்தை. அவர் பிந்தி வரவில்லை. பரீட்சகர்கள் விடுவார்களோ என்று நான் கேட்டபோது தெரியாது என்றாள். ஜெசிதாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். திருத்திய பக்கங்களை அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை என்றாள்.

அன்று எழுதி முடித்ததும் வழக்கம்போல அந்தப் பந்தியை உரத்து வாசித்தாள். எல்லாம் ஆங்கிலம். அப்பா கோழிக்குப் போட்டுவிட்டு வந்து அடுத்த அறையில் சாய்ந்திருந்தார். அவருக்கு அதில் தன் பெயர் மட்டும்தான் விளங்கியிருக்கும்.

"ம்" என்றார்.