ஈறில் வந்த ரத்தமும் சபையில் வந்த சண்டையும்

அன்றைக்கு ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டில் மதியச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கே பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை கிரேஸ், கிரேஸின் கணவர். நடுவில் ஒரு தட்டு நிறையக் கொய்யாக்காய்... அதில் தூவிய உப்பும் மிளகாய்த்தூளும் இன்னும் மூக்கில் மணக்கிறது.

ஒரு கடி கடித்தேன். வெள்ளைச் சதையில் பல் பதிந்த இடமெல்லாம் சிவப்பு.

"இன்னா அண்ணி, உங்களுக்கு மட்டும் செவப்புக் கொய்யாவா? என்னுது வெள்ளையா கீதே!" என்றாள் கிரேஸ்.

மிளகாய்த்தூள் ஈறில் பட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர். இனி ஒளிக்க முடியாது. "பல்லு தேய்ச்சாலே ரத்தம்தான் கிரேஸ். ரொம்ப நாளா இப்படித்தான்."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "அட ஆண்டவரே... இதுக்குத்தான் திருவிருந்துக்கு எந்திரிக்காம உக்காந்துகினு இருந்தீங்களா?"

ஆமாம். கோவிட்டுக்கு முன்பு எங்கள் சபையில், திருவிருந்து ஆராதனையின்போது திராட்சரசம் குடிக்க எல்லாருக்கும் ஒரே பாத்திரம். இத்தனை பேர் உதடு வைக்கும் பாத்திரத்தில் என் ரத்தம் படலாமா? மாதாமாதம் தலையைக் குனிந்து பெஞ்சிலேயே இருந்துவிடுவேன். ஆனால் எழுந்து போகாதவரைப் பார்த்தால் சபையில் ஒரே அர்த்தம்தான்... வீட்டில் யாரோடோ மனஸ்தாபம், இன்னும் ஒப்புரவாகவில்லை!

"நீங்க கம்முனு உக்காந்துட்டீங்க. பொம்பளைங்கல்லாம் என்னைப் புடிச்சிகினு, 'அண்ணி கூட இன்னா சண்டை, ஈஸ்டருக்குள்ள பேசித் தீத்துக்கோ'ன்னு உயிரை எடுக்குறாங்க. ஆயர் அம்மா எனக்காகத் தனியா ஜெபமே பண்ணிட்டாங்க!"

அவள் கணவருக்குச் சிரிப்பில் புரையேறியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈஸ்டர் அன்றைக்கும் நான் உட்கார்ந்திருந்தால், ஒரு பாவமும் அறியாத கிரேஸின் பெயர் கெட்டுவிடும்.

வீட்டில் எந்தச் செலவையும் காரணம் எழுதாமல் விடாதவள் நான். இந்த ரத்தத்துக்கு மட்டும் 'உடம்புச் சூடு' என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டு, வெந்தயமும் நெல்லிக்காயும் தின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாரமே கிரேஸ் என்னை மார்க்கெட் பக்கத்துப் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டரம்மா முதலில் சுகர் உண்டா, வேறு மாத்திரை உண்டா என்று விசாரித்தார். எதுவும் இல்லை. பிறகு, "ரத்தம் வர்ற பக்கம் எப்படித் தேய்ப்பீங்க?" என்றார்.

"அந்தப் பக்கம் பிரஷ்ஷே படவிட மாட்டேன் டாக்டர். விரலால பல்பொடி தடவிட்டு விட்டுடுவேன்."

கையில் கண்ணாடியைக் கொடுத்தார். ஈறை ஒட்டி மஞ்சளாக ஒரு கோடு! "இது தினமும் படியுற அழுக்கும்மா. எடுக்கலைன்னா கல்லா இறுகிடும். அதனாலதான் ஈறு வீங்கி, தொட்டா ரத்தம் வருது. நீங்க பயந்து தேய்க்காம விட்டீங்க, இன்னும் படிஞ்சிடுச்சு."

"கிளீன் பண்ணா பல்லு ஆடும்னு சொல்றாங்களே டாக்டர்?" கிரேஸுக்குத்தான் என்னைவிடப் பயம்.

"கிளீன் பண்றதால ஆடாதும்மா. ரொம்ப நாள் கவனிக்காம விட்டா, உள்ள எலும்பு கரைஞ்சுதான் பல்லு ஆடும்."

கல்லை எடுத்தார்கள். மிருதுவான பிரஷ், ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுழற்ற வேண்டும், ராத்திரி படுக்கும் முன்பும் கட்டாயம், பல் இடுக்கில் நூல் விட்டு எடுக்க வேண்டும்... எல்லாம் சொல்லித்தந்தார். முதல் சில நாள் வாஷ்பேசினில் சிவப்புதான். ஜெபம் பண்ணிக்கொண்டே தேய்த்தேன், விடவில்லை.

ஒரு காலையில் துப்பினால்... வெள்ளை நுரை! வெறும் வெள்ளை!

நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "கேஸ் லீக்கா?"

"நுரையைப் பாருங்க!"

"இதுக்கா இந்தக் கத்து? அக்கம்பக்கம் ஓடி வரப் போறாங்க!" என்றார். ஆனாலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஈஸ்டர் ஆராதனையில் என் பெஞ்சுக்கு முறை வந்ததும் எழுந்தேன். கிரேஸும் நானும் அருகருகே முழங்கால் போட்டோம். பாத்திரம் என்னிடம் வந்தது. தைரியமாக உதடு வைத்துக் குடித்தேன். அடுத்து அவள், அதே பாத்திரத்தில். திரும்பி நடக்கும்போது சபை முழுக்கப் பார்க்கட்டும் என்று என் கையைக் கோத்துக்கொண்டு, "நடங்க அண்ணி, நல்லா பாத்துக்கட்டும்!" என்றாள். ராணிபோல் நடந்தேன்!

இப்போது ஆளுக்கொரு குட்டிக் கப்பில் தருகிறார்கள். சுத்தம்தான், சுலபம்தான்... ஆனாலும் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடித்த நாட்களை மனசு தேடத்தான் செய்கிறது. என் ஈறு மட்டும் அன்று போலவே இன்றும் கெட்டியாக இருக்கிறது. தேவனுக்கு ஸ்தோத்திரம்.

மேரி, ஈறில் ரத்தம் வருகிறது, பிரஷ்ஷைத் தொடுவதே இல்லை என்று போன வாரம் இதே வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியிருந்தாயே... உனக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். சனிக்கிழமை காலை டாக்டரிடம் கூட வருகிறேன். உனக்கு வசதிப்படுமா? சீக்கிரம் பதில் போடு.