கோடை உயரமும் மாரித் தண்ணீரும்

வெருகல் ஆற்று அணைக்கட்டில் மின்சாரம் எடுக்கலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். அறுபதுகளின் கடைசி. திருகோணமலை நீர்ப்பாசனக் கந்தோரில் பொறியியலாளனாக வாய்க்கால் வரைபடங்களோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். ஈச்சிலம்பற்றுப் பக்கத்து மருந்துச்சாலையில், மருத்துவிச்சி ஊசிமருந்தை ஈரச்சாக்கு சுற்றிய பானைக்குள் வைத்திருந்ததைக் கண்ட நாளிலிருந்து எனக்கு இதே நினைப்பு. ஒரு குளிர்பெட்டிக்கும் நாலு விளக்குக்கும் கரண்ட் கிடைத்தால் போதும். "கட்டாயம் வரும்" என்று ஊர் முழுக்கச் சொல்லியும்விட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

திட்டத்தைத் தலைமைக் கந்தோருக்கு அனுப்ப இருந்த கிழமை, வட்டை விதானை மூதூரிலிருந்து வரும் லோஞ்சுப் படகில் வந்து இறங்கினார். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுக் கொடுப்பவர். அந்த மருத்துவிச்சியின் அண்ணன். நனைந்த குடையைக் கதிரையில் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, கட்டில தண்ணி விழுற உயரத்தை எப்ப அளந்தனீங்கள்?"

"ஆடியில."

"அப்ப நாங்கள் பலகை போட்டுத் தண்ணியை மறிச்சிருந்தனாங்கள். இப்ப ஒருக்கா வந்து பாருங்கோ."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் போனேன். பலகைகளைக் கழற்றிக் கரையில் அடுக்கியிருந்தார்கள். கட்டுக்குக் கீழே வெள்ளம் ஏறி, மேல் தண்ணீருக்கும் கீழ்த் தண்ணீருக்கும் ஒரு சாண் வித்தியாசம்கூட இல்லை. நானோ உயரத்தைக் கோடையிலும், தண்ணீரின் அளவை மாரிப் பதிவிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி மின்சாரக் கணக்குப் போட்டிருந்தேன். உயரம் இருக்கும் காலத்தில் தண்ணீரெல்லாம் வயலுக்குப் போய்விடும். தண்ணீர் இருக்கும் காலத்தில் உயரம் இல்லை. அனுப்பியிருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும். திட்டத்தைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த போகத்துக்கு வயல் செய்யும் கமக்காரர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "கரண்ட் எங்க, ஐயா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் விதானை எழும்பினார்.

"நான்தான் வேண்டாமெண்டனான். வயலுக்குத் தண்ணி போதாமப் போகும்."

தங்களைக் கேளாமல் எப்படிச் சொல்லலாம் என்று கூட்டம் அவர்மேல் பாய்ந்தது. குளிர்பெட்டிக்காகக் காத்திருந்த தங்கை, முன்வரிசையிலிருந்து எழுந்து, அவரைத் திரும்பியும் பாராமல் வெளியே போனார்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று பிறகு கேட்டேன்.

"நீங்கள் இன்னும் எத்தினை வாய்க்கால் வெட்டித் தரவேணும். உங்கட சொல்லை ஆக்கள் நம்பவேணும்."

நம்பினார்கள். அதன்பிறகு அந்தப் பக்கத்தில் நான் வெட்டுவித்த ஒவ்வொரு வாய்க்காலும் அவர் தந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த மனிதருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

தங்கை அடுத்த மாரி வரை அவரோடு கதைக்கவில்லையாம். நான் மருந்துச்சாலைக்குப் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். நான் போகவில்லை.