ஊடு எங்கீங்க?

"ஊடு எங்கீங்க?"

என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார் நாச்சிமுத்து. கடை முன்னால் வண்டியை நிறுத்தி இறங்குகிறவரிடம், கறி நறுக்கும் கத்தியை நிறுத்தாமல், தலையையும் நிமிர்த்தாமல், முதலில் வீடு எங்கே என்றுதான் கேட்பார். "இங்கதானுங்க, கோட்டை ரோடு" என்றால் கல்லில் ரொட்டி விழும். "மோகனூருங்க" என்று வெளியூரைச் சொன்னால் கத்தி நின்றுவிடும். "அப்ப இங்கயே தின்னுட்டுப் போயிருங்க. பார்சல் கட்ட மாட்டனுங்க." வந்தவர் போர்டை அண்ணாந்து பார்ப்பார். 'கிரீஸ் கறி ரொட்டி. பார்சல் மட்டும்' என்றுதான் எழுதியிருக்கிறது. சரி, அங்கேயே தின்னலாம் என்றால் உட்கார ஒரு முக்காலி கிடையாது. அவரவர் பைக் சீட்டுதான் அவரவருக்கு மேசை.

நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது இந்தக் கடை. எதிரில் எனக்கு ஸ்டிக்கர் கடை. லாரியின் நெற்றியில் சாமி பெயரும் முதுகில் பிள்ளைகள் பெயரும் ஒட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. வேலை இல்லாத நேரமெல்லாம் எதிர்க்கடையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இதற்கு முன்னால் சினிமா தோற்றுப்போகும்.

நாச்சிமுத்து சமையல்காரராகப் பிறந்தவர் இல்லை, வெல்டர். இதே சாலையில் லாரிக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்தவர், ஏஜெண்ட் ஒருவர் மூலம் கிரீஸ் நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் பட்டறை வேலைக்குப் போனார். தங்கியிருந்த அறைக்குக் கீழே ஒரு புருஷன் பெண்டாட்டி நடத்திய ரொட்டிக் கடை. லீவு நாளெல்லாம் அங்கே போய் வெங்காயம் உரித்துக் கொடுத்தே தொழிலைக் கற்றுக்கொண்டாராம். ஊர் திரும்பியதும் கறி அடுக்கிய கம்பி நின்றவாக்கில் சுற்றும் அடுப்பை, இரும்பைப் பற்றவைத்துத் தானே செய்தார். கல்லாப் பலகைகூடப் பழைய லாரியின் பின்கதவுதான். அதில் 'ஒலி எழுப்புக' என்று மஞ்சளில் எழுதி, நிஜ ஹாரன் ஒன்றையும் மாட்டிவைத்திருக்கிறார். ஆசையாக அமுக்குவார்கள். மனிதர் திரும்பவே மாட்டார். "ஹாரன் அடிச்சா கறி வெந்துருமா?" என்பார் அடுப்பைப் பார்த்தபடி.

தயிரில் வெள்ளரிக்காயைத் துருவிப் போட்டு, பூண்டு தட்டி ஒரு கலவை செய்வார். அதில் இன்னொரு கரண்டி கேட்டால் கிடைக்காது. "அளவு எனக்குத் தெரியுமுங்க." ஷவர்மா ஒன்று கொடுங்கள் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. "அது பஸ் ஸ்டாண்டுல விக்குது, அக்கட்டால போங்க." சிரிப்பு, நன்றி, போயிட்டு வாங்க, ஒன்றும் கிடையாது. போனை எடுக்கவே மாட்டார். இணையத்தில் அவர் கடைக்கு ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'சேவை படுமோசம். சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் கொடுக்கவே இல்லை' என்று எழுதியிருந்தார். நான் போய் வாசித்துக் காட்டினேன். "நெசந்தானுங்களே" என்றார்.

ஒருவர் பக்கத்துத் தெரு என்று புளுகி வாங்கிக்கொண்டு, பரமத்திவரை கொண்டுபோய்த் தின்றுவிட்டு, மறுநாள் நேரில் வந்து கத்தினார். "பொய் சொன்ன வாய்க்குப் போசனங் கெடைக்காதுங்க. உங்குளுக்கு ஊறிப்போன ரொட்டியாச்சும் கெடைச்சுதே" என்று அனுப்பிவைத்தார். அவர் போனபிறகு நான் கேட்டேன், எதற்கண்ணா இந்த வீம்பு என்று.

"வீம்பு இல்ல தம்பி. சூட்டோட மூடுனா ஆவி அடிச்சு ரொட்டி ஊறிப்போயிரும். அதைத் தின்னுட்டு நாச்சிமுத்து கடை நல்லால்லைம்பான். அவஞ் சொல்றது பொய்யில்லீல்ல? அந்தப் பேரு எனக்கு எதுக்கு?"

கடைவாசலில் நின்று தின்கிறவர்களை அவர் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு. கையைக் கட்டிக்கொண்டு முதல் கடியை மட்டும் பார்ப்பார். தின்கிறவர் கண் லேசாகச் சொருகினால் போதும், திரும்பிக்கொள்வார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். லாரிக்குப் பெயர் ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் இருக்கும். இந்த ஊரிலேயே எனக்குப் பிடித்த ஆள் அவர்தான், சொல்ல என்ன வெட்கம்.

அதனால்தான் அவர் மகள் தமிழினிக்கு ஒரு வரன் கொண்டுவந்தேன். ஆத்தூரில் ஜவ்வரிசி வியாபாரம் செய்யும் சந்திரசேகர் என்னிடம் லாரிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவர். அவருடைய அண்ணன் மகன் கவின், சேலத்தில் வேலை. ஜாதகம் பொருந்தியது, பெண்ணும் பையனும் போனில் பேசிக்கொண்டார்கள், இருவருக்கும் பிடித்தும் போனது. பெரியவர்கள் உறுதி செய்வது ஒன்றுதான் பாக்கி. உறுதியாகும்வரை ஒரு வீட்டார் மற்ற வீட்டில் கை நனைக்கக் கூடாது, அதாவது சாப்பிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று பொருள்.

சந்திரசேகர் கெட்டிக்காரர். வீட்டில்தானே கை நனைக்கக் கூடாது, கடையில் வாங்கி ஊருக்கு எடுத்துப்போனால் யார் கேட்பது என்று கணக்குப் போட்டிருக்கிறார். பெண்ணின் அப்பா எப்படிப்பட்ட மனிதர் என்றும் பார்த்த மாதிரி ஆயிற்று. என்னிடம்கூடச் சொல்லாமல், தான் யாரென்றும் காட்டிக்கொள்ளாமல், ஒரு மத்தியானம் காரில் வந்து இறங்கிவிட்டார். நான் பார்த்துவிட்டு ரோட்டைக் கடப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"ஊடு எங்கீங்க?"

"ஆத்தூருங்க. வீட்ல எல்லாருக்கும் சேத்துக் கட்டிக் குடுங்க."

"ஆத்தூருக்கா? ஆகாதுங்க."

"நான் காசு குடுத்துதானே வாங்குறேன்? கட்டிக் குடுக்க என்னாங்க கஷ்டம்?"

"காசு வாங்கிக்கிட்டுக் கெட்டதைக் குடுக்கறதுதானுங்க கஷ்டம். இங்கயே தின்னுங்க."

"எங்கே, நடுரோட்லயா?"

"கார் பேனட் இருக்குதுங்களே."

கார் கிளம்பிப் போய்விட்டது. சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. "பொண்ணைக் குறை சொல்லலை, தங்கமான பொண்ணு. ஆனா வந்தவனுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் குடுக்க மனசு வராத மனுசன் வீட்டுக்கு எங்க பையன் நாளைக்கு எப்படிங்க போய் வருவான்? விட்ருங்க" என்றார் சந்திரசேகர். எதிர்க்கடைக்கு ஓடினேன், மனைவியும் மகளும் அங்கேதான் இருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் நாச்சிமுத்துவின் மனைவி ராசாத்தி பிடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் இல்லைன்னீங்க, சரி போச்சாது. மாப்ள ஊட்டுக்காரருக்குமா?"

"அவருன்னு தெரிஞ்சா மட்டும் ரொட்டி ஊறாதா?"

"நாளைக்கே தட்டத்துல பழம் வெச்சு எடுத்துட்டுப் போயி மன்னிப்புக் கேளுங்க."

"தப்புப் பண்ணுனவன் கேக்கட்டும்."

பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தமிழினி, "அப்பா, எனக்குக் கவினைப் புடிச்சிருக்குதுங்கப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாச்சிமுத்து கத்தியைக் கீழே வைத்தார். ரோட்டில் ஆட்கள் நிற்க நிற்க அடுப்பை அணைத்தார். அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் கடை திறக்கவில்லை. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், ஒரு லோடு ஆட்டோவின் முதுகில் தன் அடுப்பை நிறுத்திவைத்துப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார் மனிதர். என்னண்ணா இது என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்.

"ஆத்தூருக்குப் பார்சல் போகாது தம்பி. கடை போகும்."

புதன்கிழமையாகப் பார்த்து நாச்சிமுத்து, ராசாத்தி, நான் மூவரும் போனோம். வழி நெடுக ராசாத்தி, முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சந்திரசேகர் வீட்டு கேட்டுக்கு வெளியே ஆட்டோவை நிறுத்தி நாச்சிமுத்து தீயை மூட்டினார். கறி மணத்துக்குத் தெருவே எட்டிப் பார்த்தது. சந்திரசேகர் வாசலுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் ரோட்டுலதானுங்க நிக்கறன், உங்கூட்டுக்குள்ள வர்ல. அன்னிக்குக் கேட்டீங்க. இன்னிக்குக் கொண்டாந்துருக்கறன். வேண்டாம்னா சொல்லிப் போடுங்க, திருப்பிக்கறன்."

சந்திரசேகர் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவருடைய அண்ணி, கவினின் அம்மா தெய்வநாயகி வந்தார். எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டுக்குப் பக்கத்துக் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். ராசாத்தி என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"குடுங்க" என்றார் தெய்வநாயகி.

ரொட்டி கல்லில் விழுந்து உப்பியது. கறி சீவி, தயிர்க் கலவை ஊற்றிச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு அந்த முதல் கடியைப் பார்த்தார் நாச்சிமுத்து. அந்த அம்மாள் நிதானமாகத் தின்றார். விரலில் ஒழுகியதையும் விடவில்லை. "தம்பி, நீயும் வா" என்று கொழுந்தனைக் கூப்பிட்டார். சந்திரசேகர் முறைப்பாகத்தான் வந்தார். கையில் வாங்கியதும் எங்கே நின்று தின்பது என்று சுற்றிலும் பார்த்தார், கடைசியில் தன் கார் பேனட் மேலேயே சாய்ந்துகொண்டார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் இருவரும் தின்று முடித்தும் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. தெய்வநாயகி கையைத் துடைத்துக்கொண்டே நாச்சிமுத்துவை நேராகப் பார்த்தார்.

"பையன் சேலத்துல இருந்து வெளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவான். அவனுக்கு ஒன்னு கட்டி வச்சுட்டுப் போங்க. அவன் சாப்பிடட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

கட்டுங்க சாமி, இந்த ஒன்றை மட்டும் கட்டிவிடுங்க என்று மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன். வெயில் இன்னும் மொட்டைமாடி மேல் இருந்தது. நாச்சிமுத்து கம்பியைப் பார்த்தார், ரொட்டி மாவைப் பார்த்தார், குனிந்து தீயைக் குறைத்தார். ஆட்டோவிலிருந்த காலித் தக்காளிப் பெட்டியை இறக்கி, கேட்டுக்குப் பக்கத்தில் தெருவில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வரட்டுமுங்க. நான் இருக்கறன்."

தெய்வநாயகி போய்க் கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தார்.

"ஏன் தெருவுல உக்காந்திருக்கீங்க? உள்ளே வாங்க, சம்பந்தி."

ராசாத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை. "தீ இருக்குதுங்களே" என்று சொல்லிவிட்டு, பெட்டியை இன்னும் கொஞ்சம் அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.