தொட்டால் அடங்கிய இரைச்சல்

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்தே தலை நரைத்தவன் நான். கரண்டு எந்த வழியாகப் போகும், எந்த வழியாகப் போகாது என்று கரும்பலகையில் படம் போட்டுப் போட்டுக் கை தேய்ந்தவன். அப்படிப்பட்டவன்தான், மச்சினிச்சி கல்யாணத்தன்று, ஈரத் தரையில் என் மனைவியை வெறுங்காலோடு நிற்கவைத்து, கரண்டு ஏறிய கிதாரை அவள் கையில் கொடுக்க இருந்தேன். அவசரத்தில் செய்த தப்பு என்றால்கூட மனசு ஆறும். நான் அதைப் பல நாள் ஆராய்ச்சி செய்து, நோட்டில் எழுதிவைத்துச் செய்தேன்.

வில்லங்கம் பிரான்சிலிருந்து வந்தது. என் மனைவியின் அண்ணன் அங்கே பட்டாளத்தில் இருந்தவர். செல்போன் எல்லோர் கைக்கும் வரத் தொடங்கியிருந்த அந்த வருஷங்களில் ஒருமுறை ஊருக்கு வந்தவர், அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஒரு கிதாரையும் வால்வு ஆம்ப்ளிஃபயரையும் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அரிசி மூட்டை கனம் அந்தப் பெட்டி. சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. அரை நிமிஷம் யோசிக்கும். பின்பக்கம் எட்டிப் பார்த்தால் கண்ணாடிக் குழாய்களுக்குள் ஒவ்வொன்றாகச் செம்மண் நிறத்தில் வெளிச்சம் ஏறும். டிரான்சிஸ்டர் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் ஆகையால், வால்வு எரிவதை நான் புத்தகத்துக்கு வெளியே பார்த்ததே அப்போதுதான். முதல் நாள் சாயந்தரம் கிதாரைத் தொடவே இல்லை. அந்த வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்த ஒரு மாதத்திலேயே பெட்டி சத்தம் போட ஆரம்பித்தது. ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துக்கு மட்டும், எவர்சில்வர் கிண்ணத்தில் கரண்டி பட்டாற்போல ஒரு கிணுகிணுப்பு. மச்சானுக்குப் போன் போட்டேன். வால்வை அவர் பிரெஞ்சுக்காரர்களைப் போல லாம்ப் என்றுதான் சொல்வார். "ஒவ்வொரு லாம்பையும் பென்சிலால மெதுவா தட்டிப் பாருங்க மாப்ள. சீக்கு எதுல இருக்கோ அது பதில் சொல்லும்" என்றார். தட்டினேன். முதல் இரண்டும் வாய் திறக்கவில்லை. மூன்றாவதைத் தட்டியதும் ஸ்பீக்கரில் 'டொங்' என்று கோயில் மணி மாதிரி கேட்டது. கிதார் வயரைப் பிடுங்கிப் போட்டிருந்த நேரம் அது. சந்தேகத்தில் குனிந்து, அந்த வால்வுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "காப்பி கிடைக்குமா?" என்றேன். ஸ்பீக்கர் என் குரலில், கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல, "காப்பி கிடைக்குமா?" என்றது. அடுப்படியிலிருந்து என் மனைவி, "உங்களுக்கா, பெட்டிக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு விளையாட்டு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உள்ளே இருக்கும் நூலளவு கம்பி ஒன்று தளர்ந்துபோய், காற்றின் அசைவுக்கெல்லாம் ஆடி, காது மாதிரி வேலை செய்கிறது என்று காரணம் தெரிந்த பிறகும் அந்தச் சிலிர்ப்பு குறையவில்லை. ஊருக்கு வந்த ஒருவரிடம் மச்சான் புது வால்வை ஒரு சாக்ஸுக்குள் சுற்றிக் கொடுத்தனுப்பினார். அதைப் போட்டதும் கிணுகிணுப்பு போயிற்று.

மிச்சமிருந்தது இரைச்சல். 'ம்ம்ம்' என்று, வயிற்று வலிக்காரன் முனகுவதுபோல ஓயாத ஒரு இரைச்சல். அதில்தான் அதிசயம் இருந்தது. நான் கம்பியில் விரலை வைத்தால் இரைச்சல் அடங்கிவிடும். எடுத்தால் மறுபடி முனகும். வைத்தால் கப்சிப். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டினேன். "கைராசிய்யா உனக்கு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மறுக்கவில்லை. மழை நாட்களில் மட்டும் விரல் நுனியில் சுள்ளென்று இருக்கும். வயசாகிறது, நரம்புத் தளர்ச்சி என்று பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

உண்மையில் எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் என் மனைவிதான். நான் கிதாரில் நாலு கார்டு பிடித்து ஒப்பேற்றுகிறவன். அவளுக்கு அவள் அப்பா மாண்டலின் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் தானே கட்டிய ஒரு மெட்டு உண்டு. பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வாசிப்பார், வேறு எங்கும் வாசிக்க மாட்டார். அவர் போன மறு வருஷம் மச்சினிச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. "அப்பா மெட்ட நீ வாசிக்கணும்க்கா. இல்லன்னா நான் மேடைக்கே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். விளையாட்டாகச் சொன்னதுபோல் இருந்தாலும் அவள் கண் கலங்கியிருந்தது. என் மனைவிக்கு அந்த மெட்டை அந்தப் பந்தலில் வாசித்துவிட வேண்டும் என்பதைத் தவிர கல்யாணத்துக்கு இருந்த இரண்டு மாதமும் வேறு நினைப்பே இல்லை.

ஆனால் பெட்டி அவளை மதிக்கவில்லை. அவள் தொட்டாலும் இரைச்சல் அப்படியே இருந்தது. சில சமயம் கூடியது. மெட்டு மெல்லியது, விரல் விட்டு விட்டு வரும். நடுவில் வரும் மௌனத்தையெல்லாம் அந்த முனகல் தின்றது. "எனக்குத்தான் ராசி இல்ல போல" என்று ஒருநாள் கிதாரைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து போனாள். முதலில் எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது உண்மை. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். இதை நான் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று ரோஷம் வந்துவிட்டது.

நோட்டு எடுத்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று மாணவர்களுக்குச் சொல்வதை நானே செய்தேன். ஃபேனை நிறுத்தினேன், டியூப்லைட்டை அணைத்தேன், ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன். இடம் மாறி உட்கார்ந்தோம். வயரை மாற்றினோம். ஒன்பதாம் நாள் பிடிபட்டது. அவளுக்குக் குதிகால் வலி. டாக்டர் சொன்னபடி வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். ரப்பர் செருப்புப் போட்டிருப்பாள். நான் வெறுங்கால். அவளைச் செருப்பைக் கழற்றச் சொன்னேன். அவள் பாதம் தரையில் பட்டு, விரல் கம்பியில் பட்டதும் இரைச்சல் சட்டென்று அடங்கியது.

கைதட்டினேன். அவளும் சிரித்தாள், மெட்டை முதல்முறையாக முழுதாக வாசித்தாள். முடித்ததும், "கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்குங்க" என்றாள்.

"எனக்கும்தான் இருக்கு. நரம்பு. மாத்திரை எடுத்துக்க" என்றேன்.

கல்யாணத்தன்று செருப்பு இல்லாமல் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பந்தல் மாமியார் வீட்டு வாசலில், தெருவையே அடைத்துப் போட்டது. சாயந்தரம் புழுதி அடங்க இரண்டு குடம் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மேடையென்று தனியாக இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார நாற்காலி, எதிரே என் மனைவிக்கு ஒரு ஸ்டூல். மைக் செட்டுக்காரர் குருசுக்குப்பத்துக்காரர், முப்பது வயசு இருக்கும். அவருடைய பலகையில் காலியாக இருந்த சாக்கெட்டில் நானே பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன். வால்வு சூடாக வேண்டிய அரை நிமிஷம். "செருப்ப கழட்டிடு" என்று ஞாபகப்படுத்தினேன். பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, ஒரு செருப்பு, இன்னொரு செருப்பு. ஈர மண்ணில் கால் வைத்து, ஸ்டூலில் சாய்த்திருந்த கிதாரை எடுக்கக் கை நீட்டினாள்.

"அக்கா, தொடாதீங்க!"

பந்தலே திரும்பியது. மைக் செட்டுக்காரர் வேறொரு வயரைச் சொருக வந்தவர், என் பிளக்கைப் பார்த்துவிட்டிருந்தார். அதைப் பிடுங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு வந்து, கிதாரின் முதல் கம்பியில் வைத்தார். டெஸ்டருக்குள் ஆரஞ்சு நிறத்தில் பொட்டு வெளிச்சம் எரிந்தது. இரண்டாவது கம்பி, எரிந்தது. ஆறு கம்பியிலும் எரிந்தது.

"இத்தன நாளா இத தொட்டுக்கினா இருந்தீங்க?" என்றார் என்னிடம்.

தலையாட்டினேன்.

"தொட்டா இரைச்சல் நிக்குமா?"

"நிக்கும்."

"நிக்காம? உங்க உடம்பு வழியால்ல சார் மண்ணுக்கு எறங்கிக்கினு இருந்துது."

அவர் இரண்டே வாக்கியத்தில் சொன்னதை நான் வருஷா வருஷம் பரீட்சையில் கேள்வியாகக் கேட்டு மார்க் போட்டிருக்கிறேன். பிரான்சு பிளக்கில் இரண்டு காலும் நடுவில் ஒரு ஓட்டையும் இருக்கும். அந்த ஊர்ச் சுவரிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டு வந்து அந்த ஓட்டைக்குள் போகும். அதுதான் எர்த்து. நம் ஊர் சாக்கெட்டில் இரண்டு காலும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், ஓட்டை மட்டும் சும்மா கிடக்கும். எர்த்து இல்லாத அந்தப் பெட்டியில், கரண்டைத் தேக்கிவைக்கும் பழைய கண்டன்சர் ஒன்று கசிந்து, இரும்பு முழுக்கக் கரண்டு ஏறி, வயர் வழியாகக் கிதார்க் கம்பிக்கு வந்திருக்கிறது. போக வழி தேடி நின்ற அதற்கு நான்தான் வழியாக இருந்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கூடத்துத் தரை காய்ந்த தரை, அதனால் எறும்பு ஊர்ந்ததோடு போயிற்று. இது தண்ணீர் தெளித்த தெரு. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் பாட்டை மட்டுமா கெடுக்கப் பார்த்தேன்?

கல்யாணக் கூட்டம் காத்திருந்தது. அவர் பிளக்கைப் பிடுங்கிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே தேங்கியிருந்த கரண்டை ஒரு வயரால் வடித்துவிட்டு, கசிந்த கண்டன்சரை வெட்டி எடுத்தார். மூன்று கால் பிளக்கை மாட்டினார். பந்தல் காலுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து இறக்கி, அதன் தலையில் எர்த்து வயரைச் சுற்றி, சமையல்காரரிடம் உப்புத் தண்ணீர் வாங்கி ஊற்றினார். சுவிட்சைப் போட்டார். வால்வுகள் சூடேறின. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கிதாரை யாரும் தொடவில்லை. இரைச்சல் இல்லை. அத்தனை மாதம் என் கைராசி என்று நான் காட்டிக்கொண்டிருந்ததை மண் ஒரு சத்தமும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. அந்த மௌனத்தைக் கேட்டு எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. மண்ணையா, அந்த மனிதரையா என்று தெரியாமல் கும்பிட்டேன்.

டெஸ்டரை வாங்கி ஆறு கம்பியிலும் நானே வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. மறுபடியும் பார்த்தேன். பிறகு வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று, முதலில் நானே கம்பியைப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. "போதுங்க, கொடுங்க" என்று என் மனைவி கிதாரை வாங்கிக்கொண்டாள். "செருப்பப் போட்டுக்க" என்றேன். அதற்குள் அவள் வெறுங்காலோடே வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.

அப்படி அருமையாக வாசித்தாள் என்கிறார்கள் எல்லோரும். மச்சினிச்சி மாலையோடு அழுததும், மச்சானுக்கு யாரோ போன் போட்டு ஸ்பீக்கருக்கு நேரே பிடித்ததும் பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போகும்போது, "எப்படி இருந்துச்சு, சொல்லவே இல்லையே" என்று கேட்டாள்.

"கேக்கலம்மா" என்றேன். "உன் வெறுங்காலத்தான் பாத்துக்கினு இருந்தேன்."